விடுமுறை வந்தது, போக இடம் எங்கே?

1908 பிப்ரவரி 27ந் தேதி தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆலைச் சங்கு ஊதிப் பயனில்லாமல் போயிற்று. கடைசியில் ஹார்வி கம்பெனி வெள்ளை முதலாளிகள் இறங்கி வந்தார்கள். கூலியில் பாதிக்குப் பாதி உயர்வு கிடைத்தது. வேலை நேரம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று ஒப்புக்கொண்டார்கள்.

கூலி உயர்வைப் பற்றி நாம் மேடைதோறும் பேசுகிறோம். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆனால் யோசித்துப் பாருங்கள், தோழர்களே! இருட்டோடு உள்ளே போய் இருட்டோடு வெளியே வந்த மனிதனுக்கு, சூரியனைப் பார்க்க ஒரு நாள் கிடைத்தது என்றால் அது சாதாரண விஷயமா? கூலி வயிற்றுக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மனிதனுக்குப் போயிற்று.

நாள் கிடைத்தால் மட்டும் போதுமா? அந்த நாளைக் கழிக்க ஓர் இடம் வேண்டும். பணக்காரனுக்கு அந்தக் கவலை கிடையாது. அவன் வீட்டுக்கு முன்னால் தோட்டம் இருக்கிறது. மலைமேல் பங்களா இருக்கிறது. உறுப்பினருக்கு மட்டும் என்று எழுதிப் போட்ட கிளப் இருக்கிறது. தொழிலாளிக்கு இருப்பவை ஆறு, கடற்கரை, குளக்கரை, மலை, கோவில் மைதானம். இவை எவன் பெயரிலும் பட்டா இல்லாதவை. அதனாலேயே எல்லோருக்கும் சொந்தமாக இருந்தவை. 1923 மே 1ந் தேதி தோழர் சிங்காரவேலர் இந்த நாட்டின் முதல் மே தினத்தை எங்கே கொண்டாடினார்? மண்டபத்திலா? சென்னைக் கடற்கரையில்!

இன்று இந்த வெளிகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. ஒரு பக்கம் வேலி, ஒரு பக்கம் கட்டணச்சீட்டு, ஒரு பக்கம் 'அனுமதி இல்லை' என்ற பலகை. கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது: "கூட்டம் பெருகிவிட்டது. இடம் அவ்வளவுதான். எல்லோரையும் விட முடியாது."

இந்தப் பதில் பொய்யா? முழுப் பொய் என்று நாம் சொல்லவில்லை. கூட்டம் பெருகியது உண்மை. இடம் வளராது என்பதும் உண்மை. ஆனால் எல்லோரையும் விட முடியாது என்றால் யாரை முதலில் நிறுத்துவது? இந்தக் கேள்விக்கு அதிகாரிகள் வாயால் பதில் சொல்வதில்லை, செய்கையால் சொல்கிறார்கள். அந்தச் செய்கையை ஆத்தூரிலிருந்து பார்ப்போம்.

ஏன் ஆத்தூர்? தூத்துக்குடி - திருச்செந்தூர் சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது முக்காணிப் பாலம் தாண்டியதும் வரும் ஒரு நிறுத்தம். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர், உப்பளத்துக்குப் போகிறவர், துறைமுகத்தில் சுமை தூக்கப் போகிறவர் என்று உழைக்கிறவர்கள் நிறைந்த ஊர். (ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இலைக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. கிள்ளுகிற கைக்கு எப்போது வரும் என்பது வேறு கதை.) இந்த ஊர்க்காரருக்கு வடக்கே தாமிரபரணி. கிழக்கே புன்னைக்காயல் முகத்துவாரமும் கடலும். மேற்கே அதே ஆறு பிறக்கும் பொதிகை. கடலில் வடக்கே போனால் தீவுகள். கையெட்டும் தூரத்தில் இத்தனையும் இருக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. எட்டுகிறதா என்பதுதான் விஷயம்.

ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணி 8 அணைக்கட்டுகளைக் கடந்து வருகிறது. கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில், 1873இல் கட்டி முடித்தது. ஆத்தூர் அதற்கும் கீழே. மேலே எல்லோரும் எடுத்தது போக மிச்சம் வருவதுதான் இங்கே ஆறு. அந்த ஸ்ரீவைகுண்டத்திலிருந்துதான் தூத்துக்குடி ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி காலன் தண்ணீர் என்று திட்டம் போட்டுக் குழாய் இழுத்தார்கள். பாசனக்காரரும் பொதுநல ஆர்வலரும் கூச்சல் போட்டு, விவகாரம் 2018இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

தண்ணீர் போனது போதாதென்று மணலும் போயிற்று. வருஷக் கணக்கில் இரவும் பகலும் லாரிகள் ஓடின. 2010 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் 5 வருஷத்துக்கு மணல் அள்ளக் கூடாது என்று தடுக்க வேண்டிய நிலை வந்தது. மணல் போன ஆற்றில் என்ன மிஞ்சும்? குழிதான் மிஞ்சும். தகப்பனார் காலத்தில் இடுப்பளவு என்று இறங்கிக் குளித்த இடத்தில் மகனுக்கு ஆளை விழுங்கும் ஆழம். கடலோர ஆற்றில் மட்டம் தாழ்ந்தால் உப்பு நீர் மேலே ஏறும் என்பதைக் கொடிக்கால்காரரிடம் யாரும் சொல்லித்தர வேண்டாம். இத்தனைக்கும் பிறகு சர்க்கார் செய்வது என்ன? 'ஆபத்தான பகுதி, குளிக்காதே' என்று பலகை நடுவது. பலகை குளிக்கப் போகிறவனைப் பார்த்து நிற்கிறது. லாரி வந்த பாதையில் அப்படி ஒரு பலகை நின்றிருந்தால் இந்தப் பலகைக்கே வேலை இருந்திருக்காதே!

கடற்கரைக்கு வருவோம். தூத்துக்குடி ஜில்லாவின் கடலோரம் சுமார் 160 கிலோமீட்டர். கேட்பதற்கு நீளமாகத்தான் இருக்கிறது. இதில் துறைமுகம் ஒரு நீளம் எடுத்துக்கொண்டது. 1974இல் அது பெருந்துறைமுகம் ஆயிற்று. 210 மெகாவாட் வீதம் 5 யூனிட்டுகள் கொண்ட அனல் மின் நிலையம் பக்கத்திலேயே வந்தது. உப்பளங்கள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் வேண்டாம் என்று நாம் சொல்வோமா? துறைமுகத்தில் சோறு தின்கிறவன் துறைமுகத்தை எதிர்ப்பானா? ஆலையும் அளமும் நம் கையால் ஓடுகிறவை. நாம் கேட்பது வேறு. ஒவ்வொரு திட்டமும் வரும்போது எத்தனை ஏக்கர், எத்தனை கோடி, எத்தனை பேருக்கு வேலை என்று கணக்கு வாசிக்கிறார்கள். கரைக்குப் போகும் எத்தனை ஒற்றையடிப் பாதை இதனால் அடைபடும் என்ற கணக்கை எந்த மேடையிலாவது வாசித்ததுண்டா? காணும் பொங்கலன்று முயல் தீவுக்கும் துறைமுகக் கடற்கரைக்கும் குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோற்றோடு போகிறார்களே, அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும், ஜனங்களுக்கு வெளி எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று. முயல் தீவு துறைமுக எல்லைக்குள் போய்விட்ட இடம். பிறருடைய தயவில் ஒரு நாள் பொங்கல்!

யார் கெடுத்தது? யாரைத் தடுத்தார்கள்?

இப்போது தீவுகள். இங்கேதான் விஷயம் பளிச்சென்று தெரிகிறது. ஆகவே கொஞ்சம் நின்று பேசுவோம்.

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை கடலுக்குள் 21 தீவுகள். தூத்துக்குடிப் பக்கத்துக்கு வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி, விலாங்குச்சல்லி என்று நான்கு. 1986இல் இந்த 21 தீவுகளையும் சேர்த்து மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அனுமதி இல்லாமல் தீவில் கால் வைப்பது குற்றம் ஆயிற்று. அதற்கு முன் வள்ளக்காரர்கள் அங்கே இறங்கி இளைப்பாறினார்கள். வலை காயப் போட்டார்கள். காற்று மாறும் வரை ஒதுங்கினார்கள்.

பாதுகாப்பு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். விலாங்குச்சல்லி கடலுக்குள் மூழ்கியே போயிற்று. 1986இல் 16 ஹெக்டேராக இருந்த வான் தீவு 2014 வாக்கில் 2 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. 1969இல் சுமார் 21 ஹெக்டேர் இருந்த காரைச்சல்லி 2018இல் 6 ஹெக்டேருக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்தத் தீவுகள் கரைந்தால் அலை நேரே நம் வீட்டு வாசலுக்குத்தான் வரும். வான் தீவைச் சுற்றி 2015 முதல் ஆயிரக்கணக்கான சிமெண்ட் செயற்கைப் பாறைகளை இறக்கி அலையைத் தணித்தார்கள். நல்ல வேலை, பாராட்டுகிறோம்.

ஆனால் அந்தத் தீவுகளைக் கரைத்தது யார்? ஞாயிற்றுக்கிழமை வள்ளத்தில் போய் மீன் சுட்டுத் தின்றவனா? தீவைச் சுற்றியிருந்த பவளப்பாறைதான் அதற்கு மதில். அந்த மதிலை வருஷக் கணக்கில் கடப்பாரை போட்டு உடைத்துப் படகு படகாகக் கொண்டுவந்து, சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் மூலப்பொருளாக விற்றார்கள். உடைத்தவன் கூலிக்காரன். வாங்கியவன் யார்? பாறை போயிற்று, பாறை போனதும் மணல் போயிற்று. பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் 2001இல்தான் சேர்த்தார்கள். மனிதன் கால் வைப்பதற்குத் தடை 1986இல். மதிலை உடைப்பதற்குத் தடை 15 வருஷம் கழித்து! எந்த ஒழுங்கில் வேலை நடந்திருக்கிறது, பார்த்தீர்களா?

இதே தீவு வரிசையின் மறுமுனைக்கு, ராமநாதபுரத்துப் பக்கம் போவோம். அங்கே பாம்பன், மண்டபம் வட்டாரத்துப் பெண்கள் தலைமுறையாகத் தீவோரத்தில் முங்கிப் பாசி எடுக்கிறவர்கள். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, காலுக்கு ஒரு ரப்பர் செருப்பு, இடுப்பில் ஒரு பை; அவ்வளவுதான் அவர்கள் மூலதனம். அந்தப் பாசியிலிருந்து எடுக்கிற அகார் ஐஸ்கிரீமுக்கும் மருந்துக்கும் போகிறது. 2000க்குப் பிறகு வனத்துறையின் கெடுபிடி அதிகரித்தது. தீவுப் பக்கம் போனால் பிடிப்பு, அபராதம். நாளெல்லாம் தண்ணீரில் ஊறிய பெண் குற்றவாளி ஆனாள்.

அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? கூடிப் பேசினார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது. இரும்புக் கருவி கொண்டு பாறையைச் சுரண்டாமல் விரலில் துணி சுற்றிக் கையால் பறிப்பது. மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் ஓய்வு கொடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள். அவர்களை முன்னின்று நடத்திய சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. உலகம் மெச்சிய இந்தக் கட்டுப்பாட்டை உருவாக்கியவர்களுக்கு, பூங்காவை நிர்வகிக்கும் மேஜையில் சரிசமமான நாற்காலி உண்டா? அது இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது.

மறுபக்கம் பாருங்கள். அதே வட்டாரத்தில் குருசடைத் தீவுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றுலாப் படகு விடுகிறார்கள். பார்க்க வருகிறவர்களை நாம் குறை சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகள் பவளத்தைப் பார்த்துப் படிக்கட்டும். படகு ஓட்டும் உள்ளூர்க்காரர் இரண்டு காசு பார்க்கட்டும். காரங்காடு போன்ற இடங்களில் உள்ளூர் ஜனங்களே சேர்ந்து நடத்துவது நல்ல ஏற்பாடு என்றே சொல்வோம். ஆனால் சீட்டு வாங்கிய கால் தீவை மிதித்தால் அது சூழல் சுற்றுலா. பசிக்குப் போன கால் மிதித்தால் அது அத்துமீறல் என்றால், தீவுக்கு இரண்டு காலும் வித்தியாசம் தெரியுமா?

முத்துச் சலாபத்தின் கணக்கு

"ஜனங்களிடம் விட்டால் மிச்சம் வைக்க மாட்டார்கள், கட்டுப்பாடு என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது" என்று சில படித்தவர்கள் சொல்லக் கேட்கிறோம். தூத்துக்குடிக் கரையில் நின்று இதைச் சொல்வது வேடிக்கை. கடலை மூடி வைத்து, முறை போட்டுத் திறந்த அனுபவம் இந்தக் கரைக்கு நூற்றாண்டுக் கணக்கில் உண்டு.

முத்துக்குளிப்பு வருஷாவருஷம் நடப்பதில்லை. கடலடியில் உள்ள பார்களைச் சோதித்துச் சிப்பியை மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். முற்றவில்லை என்றால் பார் மூடப்பட்டிருக்கும். சில சமயம் சேர்ந்தாற்போல் பல வருஷம் மூடியே கிடக்கும். முற்றியது என்று கண்டால் இத்தனை படகு, இத்தனை நாள் என்று விளம்பரம் செய்வார்கள். பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் வருவார்கள். கல்லைக் காலில் கட்டி இறங்குவார்கள்; மேலே கயிறு பிடித்தவனின் கையை நம்பி உயிரை விட்டுவைப்பார்கள். காலம் முடிந்ததும் பார் மறுபடி மூடப்படும். மூடிய பாரில் குளிக்கக் கூடாது என்ற நியதியை ஏற்று வாழ்ந்தவர்கள் இந்தக் கரை ஜனங்கள். கட்டுப்பாட்டை நமக்குக் கற்பிக்க வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அநீதி மூடியதில் இல்லை. திறந்தபோது பங்கு போட்டதில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து முறைப்படி கரைக்கு வந்த சிப்பியை மூன்றாகக் குவித்து, இரண்டு குவியல் சர்க்காருக்கு. ஒன்று மூச்சைப் பிடித்தவர்களுக்கு. சாதித் தலைவருக்குத் தனிச் சலுகை. ஏலம் எடுத்த வியாபாரிக்கு லாபம். சுறாவுக்கும் நீரழுத்தத்துக்கும் முன்னால் நின்றவனுக்கு எஞ்சியது. சுதந்திரத்துக்குப் பிறகு 1955 முதல் 1961 வரை இங்கே முத்துக்குளிப்பு நடந்தது. அதோடு சரி. அதற்குப் பின் பார் திறக்கவே இல்லை. 1973இல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள், விஞ்ஞானம் ஜெயித்தது. கடலடிப் பார் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இந்தச் சரித்திரத்திலிருந்து நாம் எடுக்க வேண்டியது ஒன்று. இருப்பது குறைவு என்றால் அளந்து விடுவது தவறல்ல. அளவுகோலை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நல்ல அளவுகோலுக்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 1983ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலை நாட்டுப்படகுக்கு என்று ஒதுக்கி, விசைப்படகை அதற்கு அப்பால் போகச் சொல்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடையும் விசைப்படகுக்குத்தான். அதிகம் அள்ளுகிறவன் அதிகம் ஒதுங்க வேண்டும் என்ற நியாயம் இதில் இருக்கிறது. சட்டம் எழுதியபடி நடக்கிறதா என்று புன்னைக்காயல் வள்ளக்காரரிடம் கேட்டால் நாலு வார்த்தை கிடைக்கும். எழுத்தில் உள்ள நியாயத்தையாவது நாம் பிடித்துக்கொள்வோம்.

மலையிலும் இதே கதை

ஆத்தூரில் ஓடும் ஆறு பிறக்கும் மலைக்குப் போவோம். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனாரைப் பார்க்கக் காரையாற்றுக்குப் போகாத குடும்பம் நம் ஜில்லாவில் எத்தனை? முன்பு நாட்கணக்கில் குடில் போட்டுத் தங்குவார்கள். அது களக்காடு - முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அண்மை வருஷங்களில் தங்கும் நாட்களைக் குறைத்து, சொந்த வண்டிகளைக் கீழேயே நிறுத்தி, சர்க்கார் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார்கள். நாட்களைக் குறைத்ததில் மனத்தாங்கல் உண்டு. ஆனால் வண்டியை நிறுத்திப் பஸ் விட்டதை நாம் எதிர்க்க மாட்டோம். அது காரில் வந்தவனையும் கால்நடையாக வந்தவனையும் ஒரே பஸ்ஸில் உட்கார வைக்கிறது.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் ஓர் எண்ணிக்கையும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வேலை நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி. சர்க்கார் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இந்தக் கட்டு இல்லை. கவனியுங்கள்! இங்கே எண்ணியது ஆளை அல்ல, வண்டியை. ஐம்பது பேர் போகும் பஸ்ஸுக்கு வழி விட்டு, இரண்டு பேர் போகும் காரை வரிசையில் நிறுத்துகிறது. மலை தாங்காதது எது என்று சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வியாபாரிகளும் விடுதிக்காரர்களும் கூக்குரல் போட்டார்கள். அவர்களிடம் வேலை செய்யும் தொழிலாளிகளின் பிழைப்பு கெடக் கூடாது என்பதை நாம் மறக்கவில்லை. என்றாலும் அளவுகோல் சரியானது.

மலையேற்றத்தில் வேறு அளவுகோல். 2018 மார்ச் 11ந் தேதி போடி பக்கம் குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் மாண்டார்கள். அதன் பிறகு விதிகள் வந்தன; வந்தது சரிதான். 2024 அக்டோபரில் சர்க்கார் 40 மலைப்பாதைகளைத் திறந்து, இணையத்தில் முன்பதிவு, வழிகாட்டி, காப்பீடு என்று ஏற்பாடு செய்தது. மலைவாழ் இளைஞர்களை வழிகாட்டிகளாக்கியது நல்லது. கட்டணம்? தலைக்குச் சில நூறில் ஆரம்பித்து ஆயிரங்கள் வரை. 2025-26இல் நூறு நாள் வேலையின் நாட்கூலி 336 ரூபாய். புருஷன், மனைவி, இரண்டு பிள்ளை என்று ஒரு குடும்பம் மலை ஏற எத்தனை நாள் மண் வெட்ட வேண்டும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். இதுவும் ஒரு வேலிதான். கம்பி இல்லாத வேலி.

இங்கிலாந்துத் தொழிலாளிகள் இந்த வேலியை ஒருமுறை மிதித்துத் தாண்டினார்கள். மான்செஸ்டர் ஆலைப் புகையில் ஆறு நாள் வெந்தவர்கள் ஏழாம் நாள் காற்று வாங்க நினைத்தால், பக்கத்து மலைமேடு முழுவதும் பிரபுக்களின் வேட்டைக் காடு. வருஷத்தில் சில நாள் பறவை சுடுவதற்காக மற்ற நாளெல்லாம் காவல்காரன் தடியோடு நிற்பான். 1932 ஏப்ரல் 24ந் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானூறு பேர் அளவில் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டில் ஏறிவிட்டார்கள். தலைமை வகித்தவர் பென்னி ராத்மன் என்ற 20 வயதுக் கம்யூனிஸ்ட் வாலிபர். ஐந்து பேருக்குச் சிறை கிடைத்தது. 1949இல் அதே நாட்டில் தேசியப் பூங்காக்களுக்கும் பொதுஜன நுழைவுக்கும் சட்டம் வந்தது. 2000இல் வந்த இன்னொரு சட்டம் மேட்டு நிலங்களில் காலாற நடக்கும் உரிமையையே எழுதிக் கொடுத்தது. அங்கே பூங்கா என்ற சொல்லும் நுழைவு என்ற சொல்லும் ஒரே சட்டத்தின் பெயரில் சேர்ந்து வந்தன. நம் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் பூங்கா என்றாலே வெளியேற்றம் என்று ஆகிவிட்டது.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் பேசிவிடுவோம். கூட்டம் போன இடமெல்லாம் பாலிதீன் பையும் கண்ணாடிப் பாட்டிலும் கிடக்கின்றன. ஆடி அமாவாசை முடிந்த காரையாற்றில் துணி குவிகிறது. பாட்டில் உடைந்து காலைக் கிழிப்பது யார் காலை? நம் பிள்ளைகளின் காலைத்தான். "இதோ பார், இவர்களை விட்டால் இப்படித்தான்" என்று சொல்வதற்கு நாமே சாட்சியம் எழுதிக் கொடுக்கலாமா? பாசிப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டது போல் நம் சங்கங்களும் ஒரு நியதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்று: குப்பைக்கு அபராதம் போடலாம், ஆளுக்குத் தடை போடுவது எந்த நியாயம்? சாக்கடையை ஆற்றில் விடும் நகரங்களை யார் உள்ளே விடாமல் தடுத்தார்கள்?

இன்று நம் முன்னால் உள்ளது

இவையெல்லாம் நடந்து முடிந்த கதை என்று உட்கார முடியாது. ஆத்தூருக்குத் தெற்கே, திருச்செந்தூர் தாண்டிக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28ந் தேதி ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2,200 ஏக்கருக்கு மேல் நிலம். விஞ்ஞான முன்னேற்றத்தை வரவேற்கிறவர்கள் நாம். நம் கரையிலிருந்து ராக்கெட் பறப்பது நமக்கும் பெருமைதான். ஆனால் ராக்கெட் பறக்கும் நாளில் கடலை மூடுவார்கள். ஸ்ரீஹரிக்கோட்டா பக்கம் பழவேற்காட்டு மீனவர்களைக் கேட்டால் தெரியும்: ஏவும் நாள் வந்தால் கடலுக்குப் போகாதே என்று உத்தரவு வருகிறது, ஏவுவது தள்ளிப்போனால் கடலுக்குப் போவதும் தள்ளிப்போகிறது. மூடும் நாளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மூடிய ஒவ்வொரு நாளுக்கும் வள்ளத்தில் ஏறும் கூலிக்காரர் உட்பட இழப்பீடு வேண்டும். ஏவாத நாளில் கரை ஜனங்களுக்குத் திறந்திருக்கும் என்று எழுத்தில் வேண்டும். கட்டுமானம் நடக்கும்போதே வாங்கினால்தான் உண்டு; காவல் சாவடி எழுந்த பிறகு வாங்க முடியாது.

அடுத்தது கடற்கரை வரைபடம். 2011ஆம் வருஷத்துக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பின்படி தயாரிக்கும் வரைபடத்தில் மீனவக் கிராமங்களையும் அவர்களின் பொது இடங்களையும் குறிக்க வேண்டும். 2019ஆம் வருஷத்து அறிவிப்பில் ஜனநெருக்கம் மிகுந்த கிராமப்புறக் கரையில் கட்டடம் கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கிவிட்டார்கள். 150 மீட்டர் வெளி ஒரே கையெழுத்தில் போயிற்று! அந்த வெளியில் யார் வந்து கட்டப்போகிறார்கள்? நிச்சயமாக உப்பளத் தொழிலாளி அல்ல. வலை உலர்த்தும் மணலும், பிள்ளைகள் பந்து விளையாடும் மேடும், கரைக்கு இறங்கும் பாதையும் வரைபடத்தில் இல்லை என்றால் நாளை அவை இருந்ததாக எந்த ஆபீஸிலும் ருசுப்படுத்த முடியாது.

ஆகவே கிளைத் தோழர்கள் உடனடியாகச் செய்யக்கூடியது ஒரு வேலை இருக்கிறது. ஆத்தூர், முக்காணி, புன்னைக்காயல், பழையகாயல் ஊர்களில் ஆற்றுக்கும் கடலுக்கும் இறங்கும் பாதைகள், படித்துறைகள், பொது மணல்வெளிகள் எல்லாவற்றையும் நடந்து பார்த்துக் கணக்கெடுங்கள். சர்வே எண், நீளம், இப்போது திறந்திருக்கிறதா, அடைத்தது யார், எந்த வருஷம் என்று எழுதுங்கள். ஊர்ப் பெரியவர்களையும், முக்கியமாகத் தண்ணீருக்கும் விறகுக்கும் அந்தப் பாதைகளில் நடந்த பெண்களையும் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்த பாதை தாசில்தார் ஆபீஸுக்குத் தெரியாது. புன்னைக்காயலில் கிராம சபை கூடும்போது அந்தப் பட்டியலைத் தீர்மானமாக வையுங்கள். ஆத்தூரில் பேரூராட்சி மன்றத்துக்கு மனுவாகக் கொடுங்கள். பிறகு மகஜராக எழுதிக் கலெக்டரிடம் போகலாம். குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமை. போகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும். ஊருக்கு இரண்டு பேர் என்று முறை வைத்து, கூலியைச் சங்கத்தில் பிரித்துக் கொடுத்து அனுப்புங்கள்.